பொட்டியில வர்ற வெள்ளாமை

ஏம்ப்பா தம்பி, உன்னைத்தான். கழுத்துல கம்பெனி அட்டையை மாட்டிக்கிட்டு, மெட்ரோவுல நின்னபடியே போன்ல பயிர் வளக்குற பிள்ளை! கொஞ்சம் இப்படி வந்து உக்காரு. தசரா முடிஞ்சுது. ராவணனையும் கொளுத்தியாச்சு. டெல்லிக்காரன் தீவாளிக்குச் சுவத்துல சாயம் அடிச்சிக்கிட்டு இருக்கான். நீ என்னடான்னா 'இலையுதிர்கால அறுவடைப் பங்கு'ன்னு ஏதோ ஒரு பண்ணைக்கு முன்பணம் கட்டிட்டு வந்து நிக்கிற. வாராவாரம் பொட்டி வருமாம். பொட்டி நெறைய காய் இருக்குமாம். கட்டினவன் எல்லாரும் பண்ணையில பங்காளியாம். ரொம்ப நல்லது. காசு உன்னுது, வயிறு உன்னுது. நான் ஏன் வேணாங்கப் போறேன்? ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். அறுவடைன்னு சொல்றியே, வெதைச்சது எப்ப?

முழிக்கிறியே. சரி, பொட்டியைத் தொற. சுரைக்காய் ஒண்ணு. பீர்க்கங்காய் ரெண்டு. வெண்டைக்காய் ஒரு பிடி, அதுல பாதி முத்தல். அதுக்கு அடியில கெட்டிக் காகிதத்துல பூப்போட்ட கடுதாசி ஒண்ணு. இந்தச் சுரைக்காய் எந்த மண்ணுல வளந்துச்சு, எந்த நெலா வெளிச்சத்துல பறிச்சாங்க, சாப்பிட்டா மனசு எப்படி லேசாவும்னு ஒரு பக்கம் எழுதியிருக்கான். அந்தக் கதையைக் கேட்டிருந்தா சுரைக்காய்க்கே வெக்கம் வந்திருக்கும். தெருமுனையில ரேடிங்கிற தள்ளுவண்டியைத் தள்ளிக்கிட்டு வர்றானே காய்க்காரன், அவன்கிட்டயும் இதே சுரைக்காய்தான் இருக்கு. கடுதாசி கெடையாது. ஆனா கொத்தமல்லியும் ரெண்டு பச்சை மொளகாயும் கேக்காமலே பையில போடுவான். அதுக்குக் காசும் வாங்க மாட்டான். நீ என்னடான்னா வெரல் நீளம் மொளைவிட்ட கீரையை டப்பாவுல அடைச்சுத் தந்தா, அதுக்குத் தனியா பணம் கட்டுற.

"என்னா தாத்தா, அறுவடைக் காலம்னு சொன்னாங்களே, இவ்வளவுதானா"ன்னு மொகத்தைச் சுளிக்காதே. தப்பு சுரைக்காய் மேல இல்ல, உன் நாள்காட்டி மேல. டெல்லி காய்கறித் தோட்டத்துக்கு ஐப்பசி அறுவடை மாசம் இல்லடா. வெதைக்கிற மாசம். மழைக்காலத்துக் கொடியெல்லாம் ஓஞ்சு போயி மிச்சத்தைக் குடுக்குற நேரம். அதான் உன் பொட்டியில கெடக்கு. இனிமேதான் பாத்தி கட்டணும். முள்ளங்கி போட்டா நாப்பது, நாப்பத்தஞ்சு நாள்ல கைக்கு வரும். பாலக்கு, வெந்தயக்கீரை ஒரு மாசத்துல கிள்ளலாம். செவப்பு கேரட்டுக்கு மூணு மாசம் ஆவும். பட்டாணியும் காலிஃபிளவரும் குளிர் ஏற ஏறத்தான் ருசி குடுக்கும். மார்கழி, தையில வா. அப்ப டெல்லிச் சந்தையைப் பாத்தா எங்க தஞ்சாவூர்க்காரனுக்கே பொறாமை வரும். வேகாத பட்டாணியை உரிச்சு அப்படியே வாயில போட்டுக்கிட்டே வீட்டுக்கு நடப்பாங்க. இப்ப பொட்டி நெறையணும்னு கேக்குறியே, பண்ணைக்காரன் என்னா பண்ணுவான்? ராத்திரியோட ராத்திரியா ஆசாத்பூர் மண்டிக்குப் போயி வாங்கிட்டு வந்து, மேல கொஞ்சம் மண்ணைத் தடவிக் குடுப்பான். அப்படிப் பண்றானோ இல்லியோ, பண்ண வைக்கிற ஆசை உன்னுதுதான்.

எங்க பக்கத்துக் கதை வேற. ஜூன் 12ல மேட்டூர் தொறந்தா குறுவை. அதைப் புரட்டாசி, ஐப்பசியில மழைக்கு முன்னாடி அறுத்துக் கரையேத்தணும். ஒரு கண்ணு வயல்ல இருக்கும், ஒரு கண்ணு வானத்துல இருக்கும். கொள்முதல் நெலையத்துக்குக் கொண்டுபோனா, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு சட்டம் பேசுவாங்க. ஐப்பசியில நெல்லு நனையாம வேற என்னா பண்ணும்? ரோட்டுல கொட்டிக் காய வைப்போம். பஸ்ஸு அது மேல ஏறிப் போவும். சம்பா, தாளடி கரையேற தை பொறக்கணும். அப்பத்தான் பொங்கல், அப்பத்தான் புது அரிசி, அப்பத்தான் மாட்டுக்கும் மரியாதை. அதனால 'ஐப்பசி அறுவடைத் திருநாள்'னு பாட்டு போட்டு ஆடுறதை எங்க ஊர்ல எவனும் பாத்ததில்ல. ஐப்பசியில நாங்க ஆடினதெல்லாம் சேத்துல கால் வழுக்கி ஆடினதுதான்.

பின்ன இந்த இலையுதிர்கால ஆட்டம் எங்கேருந்து வந்துச்சு? குளிர் நாட்டுலேருந்து. அங்க உறைபனி விழறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் அறுத்து உள்ள போட்டுக்கணும். பூசணியை அடுக்குவான், ஆப்பிளைப் பறிப்பான், உருளைக்கிழங்கைத் தோண்டுவான். அப்புறம் மாசக் கணக்கா மண்ணு தூங்கும். அவன் கொண்டாடுறதுல நியாயம் இருக்கு. உனக்கு என்னா வந்துச்சு? இங்க குளிர் வந்தாத்தான் தோட்டமே முழிக்குது. அவன் கதவைச் சாத்துற நேரத்துல நீ கதவைத் தொறக்குற. அப்படியிருக்க அவன் பண்டிகையை இரவல் வாங்கி, பொட்டி மேல ஆரஞ்சுப் பூசணி படம் போட்டு, உள்ள கேல் கீரை வச்சு அனுப்புறான். கேல் நல்ல கீரைதான், நான் பழிக்கல. ஆனா உன் காலனிப் பூங்காவுல முருங்கை மரம் நிக்குதே, அதை ஏறிட்டுப் பாத்தியா? அதும் எலையை உதுத்து வாரிக் குப்பையில போடுறான் தோட்டக்காரன். நீ அதே எலையைப் பொடியாக்கி ஜிப்பு வச்ச பொட்டலத்துல வாங்குற. கேட்டா 'சூப்பர் ஃபுட்'ங்குற. மரத்துல இருந்தா எலை, பொட்டலத்துல இருந்தா மருந்தா?

வெதையைப் பத்தி வெவரம் வேணும்னா சீமைக்குப் போவ வேணாம். கரோல்பாக் பக்கத்துலயே பூசா இருக்கு. பீகார்ல பூசாங்கிற ஊர்ல இருந்த ஆராய்ச்சி நெலையம் அது. 1934 பூகம்பத்துல கட்டடம் போச்சு. 1936ல டெல்லிக்குக் கொண்டுவந்தாங்க. ஊரு மாறியும் பேரு மாறல. அதுக்கு இயக்குநரா இருந்தவருதான் எங்க கும்பகோணத்துல பொறந்த எம்.எஸ். சுவாமிநாதன். கோதுமையில இந்த தேசம் கையேந்தாம நின்னதுக்கு அவரும் ஒரு காரணம். வெண்டை, கேரட்டு, முள்ளங்கி, பாஸ்மதின்னு பூசா பேரைச் சுமந்துக்கிட்டு எத்தனை ரகம்! மாசி, பங்குனி வாக்குல அங்க விவசாய மேளா நடக்கும். அரியானாக்காரன், உத்தரப் பிரதேசத்துக்காரன்லாம் தலைப்பாகையோட வந்து வெதை வாங்கிட்டுப் போவான். நீயும் போயேன். அங்க உன்னை யாரும் 'உணவுப் பயணி'ன்னு கூப்பிட மாட்டாங்க. "கித்னா பீகா ஸமீன் ஹை"ன்னு, அதாவது எத்தனை பீகா நெலம் இருக்குன்னு கேப்பாங்க. பால்கனின்னு சொல்லு. சிரிப்பாங்க. சிரிச்சிட்டு வெதை குடுப்பாங்க.

பண்ணைன்னதும் ஒரு ஞாபகம். சத்தர்பூர் பக்கம் போயிருக்கியா? பண்ணை வீடு வரிசையா இருக்கும். முன்னெல்லாம் ரெண்டரை ஏக்கர் இருந்தாத்தான் அங்க பண்ணை வீடுன்னு விதி. பயிர் வைக்கிறேன்னு சொல்லித்தான் வீட்டுக்கு அனுமதி. உள்ள போயி பாரு. புல்லு இருக்கு, நீச்சல் குளம் இருக்கு, பளிங்குச் செலை இருக்கு. பயிரைக் காணோம். அங்க விளையிறது ஒண்ணே ஒண்ணு, கல்யாணம். கார்த்திக மாசத்து ஏகாதசி வந்து சாமி கண் முழிச்சுதுன்னா முகூர்த்தம் தொடங்கிடும். அப்பறம் பாரு வெள்ளாமையை! ஒரே ராத்திரியில எத்தனை பந்தல், எத்தனை பட்டாசு, எத்தனை குதிரை. கார் நிக்கிற நீளத்துக்கு எங்க ஊர்ல வாய்க்காலே கெடையாது. ஏக்கருக்கு இவ்வளவு மகசூல் எடுத்தவனை நான் காவிரிக்கரையில பாத்ததே இல்ல. ஒரம் போட வேணாம், களை எடுக்க வேணாம். பேண்டு வாசிச்சா போதும்.

அதோட பாத்தா உங்க சமுதாயப் பண்ணை எவ்வளவோ மேலுதான். அங்க மண்ணுல ஏதோ மொளைக்குது. 'எடிபிள் ரூட்ஸ்'னு ஒரு கூட்டம் இருக்கு. டெல்லியைச் சுத்தி நெலத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சு, 'ஃபார்ம்லெட்'னு பேரு வச்சு, குடும்பம் குடும்பமா வாடகைக்கு விடுறாங்க. ஞாயித்துக்கெழமை சுந்தர் நர்சரிக்குப் போனா, 'தி எர்த் கலெக்டிவ்'னு இயற்கை வெளைச்சல் சந்தை போடுறாங்க. வெள்ளைக்காரன் புதுடெல்லி கட்டினப்ப எந்த மரம் இங்க தாங்கும்னு வளத்துப் பாத்த எடம் அது. 2018ல சீர் பண்ணித் தொறந்தாங்க. 90 ஏக்கரு. காத்து நல்லா இருக்கும், காயும் நல்லா இருக்கும். நான் கேலி பண்றது அதை இல்ல. பண்ணைக்குப் போற உன்னைத்தான்.

ஞாயித்துக்கெழமை காலையில நீ பண்ணைக்குக் கெளம்புற அழகைப் பாக்கணுமே. புதுசா கல்யாணமான மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்குப் போற மாதிரி போற. வாசல்லயே மோரு, நெழல்ல நாற்காலி, சுத்திப் போட்டோ, திரும்பி வரும்போது கை நெறைய சாமான். வேலைன்னு மட்டும் யாரும் சொல்லிடக் கூடாது. முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்சு, அதுல சேறு படாம நடக்குற சாமர்த்தியம் வேற. மம்பட்டியைப் பிடிச்சு ஒரு கொத்து கொத்துற. படம் எடுத்தாச்சு. மம்பட்டி கீழ போயிடுது. "மண்ணைத் தொட்டேன், மனசு நெறைஞ்சுது"ன்னு எழுதுற. மண்ணு உன்னைத் தொட்டுச்சான்னு அதைக் கேட்டியா? திங்கள்லேருந்து சனி வரைக்கும் உன் பாத்திக்குத் தண்ணி விட்டது யாரு? மாலி. பீகார்லேருந்தோ, கங்கைக்கரை ஜில்லாவுலேருந்தோ வந்த தோட்டக்காரன். அவன் புள்ளைங்க அந்த மூலைக் குடிசையில இருக்குது. பொட்டி மேல உன் பேரு இருக்கு, பண்ணை பேரு இருக்கு. அவன் பேரு எங்க இருக்கு?

இன்னொரு வேடிக்கை. மயூர் விகார்லேருந்து கார் எடுத்துக்கிட்டு, ஒரு மணி நேரம் ஹாரன் அடிச்சிக்கிட்டு, ஊருக்கு அந்தக் கோடியில இருக்குற பண்ணைக்கு இயற்கையைத் தேடிப் போறியே. மயூர் விகார் எதுத்தாப்புல என்னா இருக்கு? யமுனைப் படுகை. சில்லா காதர். தலைமுறையா அங்க கீரையும் முள்ளங்கியும் காலிஃபிளவரும் போடுறவங்க இருக்காங்க. மெட்ரோ பாலத்து மேலேருந்து பாத்தா பச்சையாத் தெரியும். நீ போன்ல பண்ணைப் படம் பாக்குறதுல ஜன்னல் பக்கம் திரும்புறதில்ல.

"அந்தக் காய் வேணாம் தாத்தா, யமுனைத் தண்ணியில வெசம்"ங்குற. நெசந்தான், மறுக்கல. 2015லயே பசுமைத் தீர்ப்பாயம் படுகையில திங்கிற பயிர் எதுவும் போடக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. தண்ணியில ஆலைக் கழிவும் கனமான உலோகமும் கலந்து காய்க்குள்ள ஏறுதுன்னு காரணம் சொன்னாங்க. சரி, வெசத்தைக் கலந்தது யாரு? கீரையா? வசீராபாத்துலேருந்து ஓக்லா வரைக்கும் 22 கிலோமீட்டரு. மொத்த ஆத்து நீளத்துல நூத்துல ரெண்டு பங்குகூட தேறாது. ஆனா ஆத்து அழுக்குல முக்கால்வாசி அந்தத் துண்டுலதான் சேருது. நஜஃப்கட் சாக்கடையில தொடங்கி ஒவ்வொண்ணா உள்ள எறங்குது. உன் வீட்டுக் குளியலறையும் என் வீட்டுக் கழுவுத் தொட்டியும் அதுலதான் போய்ச் சேருது. ஆத்தைக் கெடுத்தது பட்டணம், தண்டனை பாலக்கு போட்டவனுக்கு. உனக்குத் தெரிஞ்ச நியாயம் எதுவாவது இதுக்குப் பொருந்துதா? பொருந்தினா சொல்லு, நானும் தெரிஞ்சிக்கிறேன்.

2023 ஜூலை 13. நீ மறந்திருப்ப. யமுனை 208.66 மீட்டரு ஏறுச்சு. அபாயக் குறி 205.33. அதுக்கு முன்னாடி 1978ல 207.49 வரைக்கும் வந்ததுதான் ரெக்கார்டு. படுகையில இருந்த குடிசை, மாடு, பயிரு, எரவை எந்திரம் எல்லாம் தண்ணிக்குள்ள. அந்தச் சனங்க மயூர் விகார் ரோட்டோரமா தார்ப்பாயைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நீ அப்ப என்னா பண்ணின? பால்கனியிலேருந்து வெள்ளத்தைப் படம் எடுத்த. அதுவும் பரவாயில்ல. அந்த வாரம் பொட்டி வரலன்னு பணத்தைத் திருப்பிக் கேட்டவங்களும் உங்க கூட்டத்துல உண்டு. இங்கதான்டா தம்பி என் நெஞ்சு கொஞ்சம் எரியுது. பங்காளின்னு பேரு வச்சிக்கிட்டது நீதானே?

பங்குன்னா என்னான்னு வச்சிருந்தாங்கன்னு கேளு. 1970கள்ல ஜப்பான்ல, பூச்சிமருந்துக்குப் பயந்த வீட்டுப் பொம்பளைங்க விவசாயிகளோட நேரா ஒப்பந்தம் போட்டாங்க. 'தெய்க்கெய்'னு பேரு. நீ மருந்தடிக்காம வெளையவை, வெளைஞ்சதை அப்படியே நாங்க எடுத்துக்கிறோம்னாங்க. கோணலா, சின்னதா, புழு கடிச்சதா, எது வந்தாலும் சரி. 1986ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல ஒண்ணு, நியூ ஹாம்ப்ஷயர்ல ஒண்ணுன்னு ரெண்டு பண்ணை இதே வழியில தொடங்குச்சு. வெதைக்கிறதுக்கு முன்னாடியே பணம் குடுக்குறது எதுக்கு? தள்ளுபடி கெடைக்கும்னா? இல்லடா. விவசாயி ஒத்தை ஆளா வானத்துக்கிட்ட சூதாடாம, கூட நாலு பேரு நிக்கிறதுக்கு. ஆலங்கட்டி விழுந்தா எல்லாரு தட்டுலயும் கொஞ்சம் கொறையும். ஒருத்தன் தட்டு மட்டும் கவுந்து போவாது. முன்பணத்தோட ரகசியமே அதுதான்.

இதுக்கு ஜப்பான் வரைக்கும் போவணுமா? எங்க களத்துமேட்டுக்கு வந்திருந்தா போதும். அறுத்து, அடிச்சு, தூத்தி, அம்பாரமாக் குவிச்சு வச்சிருப்போம். மரக்காலை எடுத்து அளக்கத் தொடங்கினா முதல் மரக்காலை ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க. "லாபம்"னு சொல்லித்தான் கணக்கே தொடங்கும். பன்னெண்டு மரக்கால் ஒரு கலம். கோயிலுக்கு அளப்பாங்க. தலையாரிக்கு, வாய்க்கால் பாத்தவனுக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, துணி வெளுத்தவருக்கு, முடி வெட்டினவருக்கு, வெட்டியானுக்கு, வாத்தியக்காரருக்குன்னு ஆளாளுக்கு அளப்பாங்க. அறுத்தவனுக்கு அரிக்கட்டு தனி. எல்லாரும் போனப்பறம் கெழவிங்க வந்து உதிர்ந்த கதிரைப் பொறுக்குவாங்க. அவங்களை யாரும் வெரட்ட மாட்டாங்க. பின்னாடியே வாத்துக்காரன் வருவான். ராமநாதபுரத்துக்காரன் ஆட்டுக்கிடை போடுவான், அதுக்கும் நெல்லுதான். கடைசியில உழுதவன் கணக்குப் பாத்தா உழக்குகூட மிஞ்சாதுங்கிறது சும்மா வந்த சொலவடையா?

ஆனா கேளு. 'அந்தக் காலத்துல எவ்வளவு அழகா பகிர்ந்து வாழ்ந்தாங்க'ன்னு கன்னத்துல கைவச்சு உருகிடாதே. நான் இருந்து பாத்தவன். மரக்கால் யாரு கையில இருந்துச்சோ அவன் பக்கம்தான் நெல்லு சாஞ்சுது. அளக்கும்போது கட்டை வெரலை உள்ள விட்டு அளந்தவனும் உண்டு. கூலியைக் கேட்டவனைக் கட்டிவச்சு அடிச்சவனும் உண்டு. பண்ணையாளை நெனைச்சப்ப வெரட்டக் கூடாதுன்னு சொல்றதுக்கே 1952ல தஞ்சாவூருக்குன்னு தனிச் சட்டம் வேண்டியிருந்துச்சு. அதுக்கப்பறமும், 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில கூலி கூடக் கேட்ட சனங்க 44 பேரைக் குடிசையோட வச்சுக் கொளுத்தினாங்க. பொம்பளைங்களும் கொழந்தைங்களுந்தான் அதுல அதிகம். இதைச் சொல்லும்போது எனக்கு நையாண்டி வராது தம்பி. பங்குங்கிறது பூப்போட்ட கடுதாசியில எழுதுற வார்த்தை இல்லன்னு தெரிஞ்சிக்க இது போதும்.

டெல்லிக்குப் பங்கு கேட்டு எங்காளுங்களும் வந்தாங்களே. 2017 மார்ச்சுல அய்யாக்கண்ணு தலைமையில காவிரிக்கரை விவசாயிங்க ஜந்தர் மந்தர்ல உக்காந்தாங்க. 41 நாளு. மண்டையோட்டை முன்னாடி வச்சிக்கிட்டு, எலியை வாயில கவ்விக்கிட்டு. வறட்சியில பயிரு கருகிப் போச்சு, கடனைத் தள்ளுங்கன்னாங்க. வேடிக்கை பாத்தவங்க நெறைய. 2020 நவம்பர்ல பஞ்சாபு, அரியானா, மேற்கு உத்தரப் பிரதேசத்து விவசாயிங்க எல்லாம் புது வேளாண் சட்டத்தை எதுத்துக் கெளம்பி வந்து சிங்கு, டிக்ரி, காஜிப்பூர் எல்லையில ஒரு வருஷத்துக்கு மேல குந்தினாங்க. காஜிப்பூரு உன் வீட்டுலேருந்து எவ்வளவு தூரம்? "டிராஃபிக் ஜாம் தாத்தா"ன்னு திட்டினது எனக்கு ஞாபகம் இருக்கு. விவசாயி வயல்ல இருந்தா அழகு. ரோட்டுல வந்து ஒக்காந்தா எடைஞ்சல். அப்படித்தானே?

இந்த மாசம் பொகை வரும். வந்ததும் காத்துச் சலிக்கிற பொட்டியை ஓட விட்டுட்டு, வைக்கோலைக் கொளுத்துறவனைத் திட்டுவ. திட்டு. பொகை பொகைதான், எனக்கும் இருமுது. ஆனா ஏன் கொளுத்துறான்னு கேட்டியா? நெலத்தடித் தண்ணி வத்துதுன்னு பஞ்சாபுல 2009ல சட்டம் போட்டாங்க, ஜூன் 10க்கு முன்னாடி நெல்லு நடக் கூடாதுன்னு. நடவு தள்ளிப் போச்சு. அறுப்பும் தள்ளிப் போச்சு. கோதுமை வெதைக்க நாளு கம்மி. எந்திரம் அறுத்துட்டுப் போன தாளு அப்படியே நிக்குது. ஆளைப் போட்டு எடுக்கக் காசு வேணும், உழுது மடக்கவும் காசு வேணும். தீக்குச்சிக்கு அவ்வளவு காசு ஆவாது. தண்ணியைக் காப்பாத்தப் போயி காத்துக்குக் கேடு வந்துச்சு. அந்த நெல்லுல விளைஞ்ச அரிசியைத் தின்னது யாரு? உன் கார்ப் பொகையும், ரோட்டுப் புழுதியும், தீவாளிப் பட்டாசும் மட்டும் சந்தனப் பொகையா?

சரி, ரொம்பக் காரம் ஆயிடுச்சு. உருப்படியா நாலு யோசனை சொல்றேன், கேட்டுக்க.

பண்ணைக்காரன்கிட்ட முதல்ல மாசக் கணக்கைக் கேளு. எந்த மாசம் எது வரும், எந்த மாசம் ஒண்ணும் வராதுன்னு. ஒண்ணும் வராத மாசத்தை ஒத்துக்கிறவன் யோக்கியன். பன்னெண்டு மாசமும் பொட்டி நெறையும்னு சொல்றவன் பண்ணை வச்சிருக்கல, கடை வச்சிருக்கான்.

வந்ததைத் தின்னு. முள்ளங்கி வந்தா தழையை ஒடிச்சுக் குப்பையில போடாதே. இங்க இருக்குற சனங்க அந்தத் தழையைப் பொடிசா நறுக்கி, முள்ளங்கியோடவே வதக்கி, ரொட்டிக்குத் தொட்டுக்கிறாங்க. கேட்டுக் கத்துக்க. மூணு வாரம் தொடர்ந்து சுரைக்காய் வந்தா கூட்டு, பொரியல், அடை. நாலாவது வாரமும் வந்தா பக்கத்து வீட்டுக்குக் குடு. அக்கம்பக்கத்துப் பழக்கம் அப்படித்தான் தொடங்கும். செயலி எறக்கி வச்சா தொடங்காது.

மாலியோட பேரைக் கேளு. கூலி எவ்வளவுன்னும் கேளு. கேக்கக் கூச்சமா இருந்தா, பங்காளின்னு சொல்லிக்கவும் கூச்சப்படு.

வெதையைத் திருப்பிக் குடுக்கப் பழகு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன்னு ஒருத்தர் இருந்தாரு. இயற்கை விவசாயி நம்மாழ்வாரு காட்டின வழியில போயி 174 பாரம்பரிய நெல் ரகத்தைத் தேடிச் சேத்தவரு. 2006லேருந்து நெல் திருவிழா நடத்தினாரு. 2018ல போயிட்டாரு. அவரு வச்ச ஏற்பாடு என்னா தெரியுமா? 2 கிலோ வெதையை வாங்கிட்டுப் போ, காசு வேணாம். அடுத்த வருஷம் 4 கிலோவாத் திருப்பிக் குடு. அவ்வளவுதான். முன்பணம் கெடையாது, சந்தா கெடையாது, பொட்டி கெடையாது. வாங்கினவன் வெதைக்கணும், வெதைச்சவன் காப்பாத்தணும், காப்பாத்தினவன் இன்னொருத்தனுக்குக் குடுக்கணும். இதுக்கு மேல சமுதாயப் பண்ணைக்கு என்னா எலக்கணம் வேணும்? உன் பால்கனித் தொட்டியில வெந்தயம் போடு. ரெண்டு செடியைக் கிள்ளாம விட்டு முத்த வை. அந்த வெதையை எதுத்த வீட்டுக்காரனுக்குக் குடுத்து, ரெண்டு பங்காத் திருப்பிக் கேளு. பூட்சு வேணாம்.

கடைசியா ஒண்ணு. அடுத்த பருவத்துக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி, பண்ணைக்காரனைப் பாத்து ஒரே கேள்வி கேளு. "ஐயா, மழையோ வெள்ளமோ வந்து எல்லாம் போச்சுன்னா, நட்டத்துல என் பங்கு எவ்வளவு?" அதுக்கு நேரா ஒரு கணக்குச் சொன்னான்னா பணத்தைக் கட்டிட்டு, பொட்டி வராத வாரத்துல வாயை மூடிக்க. சிரிச்சு மழுப்பினான்னா, இல்ல அந்தக் கணக்கைக் கேட்டு உன் வயிறு கலங்குச்சுன்னா, பேசாம தெருமுனைக்கு நட. ரேடிக்காரன் உன்னைப் பங்காளின்னு கூப்பிட மாட்டான். பேரம் பேசுவான், எடையைப் பாத்துக்க, சில்லறையை எண்ணிக்க. அவன் வியாபாரி, நீ வாங்குறவன். அதுல ஒரு அவமானமும் இல்லடா தம்பி. பங்காளின்னு சொல்லிட்டு வாங்குறவனா இருக்கியே, அதுலதான் இருக்கு.